ஆனையிறங்கல் என்னும் பெயரும் 301 என்னும் எண்ணும்: குடியிருப்பின் வேலியைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்?

இடுக்கி மாவட்டத்தின் சின்னக்கானல் மலைப்பகுதியில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு இடங்களின் பெயர்கள், அப்பகுதியின் நில நிர்வாக வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. ஒன்று ஆனையிறங்கல். மற்றொன்று 301 காலனி. முதற்பெயரைப் பிரித்துக் காட்ட இலக்கணப் பயிற்சி வேண்டியதில்லை. ஆனை, இறங்கல்: யானை இறங்கும் இடம். தமிழரும் மலையாளியரும் அகராதியின் துணையின்றி விளங்கிக்கொள்ளும் பெயர் அது. இரண்டாம் பெயரில் மரமோ, நீரோ, விலங்கோ, மனிதரோ இல்லை. 2003-ஐ ஒட்டி அங்கு நிலம் ஒதுக்கப்பட்ட பழங்குடிக் குடும்பங்களின் எண்ணிக்கையே ஊர்ப்பெயராயிற்று. கோப்பில் இருந்த பயனாளிப் பட்டியலின் கூட்டுத்தொகை, நாளடைவில் மனிதர் வாழும் இடத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

அப்பகுதியில் வேலி பற்றி இன்று நடக்கும் எல்லா விவாதங்களுக்கும் இவ்விரு பெயர்களுக்கு இடையிலான முரணே அடிப்படை. யானை இறங்கும் வழியில் மனைகளை அளந்து கொடுத்தவர்கள், அளக்கும் முன் வேலியைப் பற்றி யோசிக்கவில்லை. மனை, பட்டயம், வீடு, சாலை, மின்சாரம் என்ற வரிசையில் எல்லாம் முடிந்து, உயிர்கள் போகத் தொடங்கிய பிறகே வேலி பேசுபொருளாயிற்று. திட்டமிட்ட குடியிருப்பு ஒன்றில் வேலி கடைசியாக வருகிறது என்றால், திட்டத்தின் பிழையைச் சரிசெய்யும் சுமை குடியிருப்போர் தலையில் இறக்கப்பட்டிருக்கிறது என்பதே பொருள். வேலி எங்கே, எவ்வகை, யார் பராமரிப்பில் என்ற மூன்று வினாக்களுக்கும் ஊர்க்கூட்டமும் ஊராட்சியும் ஒப்புதல் அளித்த பின்னரே மனைகள் அளக்கப்பட வேண்டும். 301 காலனியின் இருபது ஆண்டு வரலாறு இக்கோரிக்கைக்கான நியாயத்தைத் தருகிறது.

அவ்வரலாறு திருவனந்தபுரத்தில் தொடங்குகிறது. 2001-இல் சி. கே. ஜானு தலைமையில் ஆதிவாசிகள் தலைமைச் செயலகத்தின் முன் குடில்கள் கட்டி 48 நாள் போராடினர். அக்டோபர் 16 அன்று முதலமைச்சர் ஏ. கே. அந்தோணியின் அரசு உடன்படிக்கைக்கு வந்தது. நிலமற்ற பழங்குடிக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரை நிலம் என்பது அதன் மையம். வாக்குறுதி நிறைவேறத் தாமதமாகவே 2003 தொடக்கத்தில் வயநாட்டின் முத்தங்ஙாக் காட்டில் மக்கள் குடியேறினர். பிப்ரவரி 19 அன்று அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த நெருக்கடிக் காலத்தில் அரசுக்கு நிலம் வேண்டும், விரைவாகவும் வேண்டும். சின்னக்கானலில், செய்தித்தாள் காகித ஆலைக்காக யூகலிப்டஸ் வளர்க்கப்பட்ட நிலம் கைக்கு எட்டுவதாக இருந்தது. அங்கே 301 குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன.

'குடியமர்த்தப்பட்டன' என்ற வினைவடிவம் இங்குக் கவனத்திற்குரியது. செயப்பாட்டு வினையில் எழுவாய் மறைந்துகொள்ளலாம். யார் குடியமர்த்தினார் என்று சொல்லாமலே வாக்கியம் முழுமை பெற்றுவிடும். அரசாணைகளும் நாளிதழ்ச் செய்திகளும் இவ்வடிவத்தையே விரும்பிக் கையாளுகின்றன. பின்னாளில் இவ்வாக்கியத்தின் இடத்தை 'மனித–விலங்கு மோதல்' என்ற தொடர் பிடித்துக்கொண்டது. அத்தொடரில் எழுவாய்கள் உண்டு. ஆனால் இரண்டே இரண்டு. மனிதர் ஒரு புறம், விலங்கு மறுபுறம். மனைகளை யானை வழியில் அளந்த மூன்றாம் தரப்பு அத்தொடருக்குள் இடம்பெறுவதே இல்லை. அது யானைகளின் வாழிடம், குடியேற்றத்துக்கு உகந்ததன்று என வனத்துறை அதிகாரி மட்டத்திலிருந்து அந்நாளிலேயே எச்சரிக்கை எழுந்தது. எச்சரிக்கை கோப்பில் தங்கியது, மக்கள் மலையேறினர்.

அடுத்து நிகழ்ந்தவை அப்பகுதி மக்கள் அனைவரும் அறிந்தவை. ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் 1960-களில் பன்னியாறு நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்டது. ஒருபுறம் நீர், மறுபுறங்களில் தேயிலைத் தோட்டங்கள், ஏலக்காடுகள், பெருகிவரும் தங்கும் விடுதிகள், அப்பால் 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலை. இவற்றுக்கிடையே எஞ்சிய புல்வெளியும் யூகலிப்டஸ் காடும் யானைகளுக்கு உணவும் வழியுமாக இருந்தன. அந்த எஞ்சிய துண்டில்தான் புதிய குடியிருப்பு வந்தது. வாழையும் நெல்லும் கிழங்கும் பயிரிட்டவர்கள் விளைச்சலை வீட்டுக்குக் கொண்டுவர இயலவில்லை. உயிரிழப்புகள் நேர்ந்தன. காலப்போக்கில் மிகப் பெரும்பாலான குடும்பங்கள் வெளியேறின. எஞ்சியவர்களில் பலர் அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீட்டின் கூரைமேல் குடிசை அமைத்து இரவைக் கழித்தனர். மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டிப் பயிர்காத்த மரபினர், வீட்டையே ஏறுமாடமாக்கிக்கொள்ள நேர்ந்தது.

2023-இல் இவ்விடத்தின் பெயர் நாடு முழுவதும் ஒலித்தது. மக்களின் பெயரால் அன்று, ஒரு யானையின் பெயரால். நியாயவிலைக் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி உண்ணும் பழக்கத்தால் அந்த ஆண் யானைக்கு அரிக்கொம்பன் என்ற பெயர் வந்தது. மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. பலாப்பழம் தேடும் யானை சக்கைக்கொம்பன். மூணாற்றில் உலவும் இன்னொரு யானைக்கு ரஜினிகாந்த் படத்தின் பெயரான படையப்பா. ஊர்மக்கள் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, அவற்றின் உணவையும் நடையையும் கருதிப் பெயரிட்டிருக்கின்றனர். எந்த யானை எப்பருவத்தில் எவ்வழியே வரும் என்ற அறிவு அம்மக்களிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை. மனைகளை அளந்தபோது இவ்வறிவு கேட்கப்படவில்லை. வேலி போடும்போதும் அரிதாகவே கேட்கப்படுகிறது.

அரிக்கொம்பனைப் பிடித்துக் கும்கியாக்கும் திட்டத்தைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்து, ஐவர் கொண்ட வல்லுநர் குழுவை அமைத்தது. யானை வாழிடத்தில் மக்களைக் குடியமர்த்தியதே சிக்கலின் வேர் என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. குழுவின் பரிந்துரைப்படி யானையைப் பாலக்காடு மாவட்டத்தின் பறம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில் விட ஏப்ரல் 5 அன்று ஆணை பிறந்தது. அவ்வாணை வந்ததும் முதலமடை ஊராட்சி கொதித்தெழுந்தது.

முதலமடை எல்லையோர ஊராட்சி. பறம்பிக்குளம் அதன் ஆளுகைக்கு உட்பட்டது. ஆனால் அங்கே வாகனத்தில் செல்ல வேண்டுமெனில் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியே சுற்றித்தான் போக வேண்டும். காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகியோரின் குடியிருப்புகள் அக்காட்டுக்குள் உள்ளன. 'எங்கள் ஊருக்குள் அரிசி தின்னும் யானையைக் கொண்டுவந்து விட எங்களைக் கேட்டது யார்?' என்பதே அங்கெழுந்த எதிர்ப்பின் சாரம். சட்டமன்ற உறுப்பினர் நீதிமன்றத்தை நாடினார். மக்கள் தெருவுக்கு வந்தனர். ஈற்றில் பறம்பிக்குளம் கைவிடப்பட்டது. ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்ட யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. ஒரு மாதத்துக்குள், மே 27 அன்று, அது தேனி மாவட்டத்தின் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதனைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது.

2003-இல் சின்னக்கானலில் ஒரு வரைபடத்தின்மேல் போடப்பட்ட கோடுகள், இருபது ஆண்டுக்குப் பின் பாலக்காட்டில் போராட்டமாகவும் கம்பத்தில் ஊரடங்காகவும் வெளிப்பட்டன. இந்நீண்ட வரலாற்றில் சின்னக்கானல், முதலமடை ஆகிய இரு ஊராட்சிகளுமே முடிவெடுக்கும் இடத்தில் இருக்கவில்லை. முடிவு வந்த பின் எதிர்க்கும் உரிமை மட்டுமே அவற்றுக்கு வாய்த்தது. முதலமடை உரக்கக் குரல் கொடுத்தது, அதனால் தப்பியது. 301 காலனிக்குச் சென்ற நிலமற்ற குடும்பங்களுக்கு, நிலம் வேண்டாம் என்று சொல்லும் வசதி இருக்கவில்லை.

ஊராட்சிக்கு வேலி விஷயத்தில் அதிகாரமே இல்லையா என்றால், உண்டு. கேரள ஊராட்சிக் கட்டட விதிகளின்படி, பொதுச்சாலை, பொதுநிலம், நீர்நிலை ஆகியவற்றை ஒட்டிச் சுற்றுச்சுவர் எழுப்புவோர் ஊராட்சிச் செயலரின் அனுமதி பெற வேண்டும். மனையின் எல்லை எது, சுவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சாலையில் எவ்வளவு நீள்கிறது என்பவற்றை விண்ணப்பதாரர் வரைபடத்துடன் காட்ட வேண்டும். பொதுவெளியைத் தனியார் விழுங்காமல் காக்க இவ்விதி இன்றியமையாதது. ஆயின் இவ்விதிகளின் பார்வை முழுவதும் சாலைப்புறம் நோக்கியே இருக்கிறது. வீட்டின் பின்புறம் காடு. அக்காட்டிலிருந்து ஒரு வழி வீட்டு முற்றத்தைக் கடந்து நீருக்குப் போகிறது. அவ்வழியைப் பற்றி எந்த விண்ணப்பப் படிவமும் கேட்பதில்லை. ஒருவர் தம் வீட்டு முன்சுவரை எழுப்ப ஊராட்சி வாசலில் நிற்க வேண்டும்; 301 குடும்பங்களுக்கான ஊரையே யானை வழியில் அமைக்கும் முடிவோ, ஊராட்சிக்கு மேலே மாநில அரசின் மட்டத்தில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

சாலையை ஒட்டிய சுவர் பிறருக்குரிய வழியை அடைக்கக்கூடும் என்பதால்தான் அதற்கு அனுமதி தேவைப்படுகிறது. காட்டை ஒட்டிய வேலியும் ஒரு வழியை அடைக்கிறது. ஓரிடத்தில் யானையைத் தடுக்கும் வேலி, அதனை அடுத்த ஊரின் வயலுக்குத் திருப்பிவிடுகிறது. ஆகவே எந்தக் குடியிருப்பின் வேலியும் அக்குடியிருப்பின் தனி விவகாரமாக இருக்க முடியாது. அண்டை ஊர்களுக்கிடையே பேசித் தீர்க்க வேண்டிய பொதுக் காரியம் அது. அதற்குரிய மன்றம் உள்ளாட்சியே.

மொழியும் இதனையே உணர்த்துகிறது. தமிழில் 'வேலி' என்ற சொல் முள்ளையும் கழியையும் மட்டும் குறிப்பதில்லை. காவல், நிலம், ஊர் என்ற பொருள்களும் அதற்குண்டு. தஞ்சைப் பகுதியில் இருபது மா கொண்ட நில அளவும் வேலியே. வேலி என்பது நிலத்தோடும் ஊரோடும் சேர்ந்தே எண்ணப்பட்டது என்பதை இப்பொருள் விரிவு காட்டுகிறது. வேலியே பயிரை மேய்ந்த பழமொழி தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல் வழங்குகிறது. காவல் பொறுப்பேற்றவரே கேடு செய்தல் என்பது அதன் பொருள். மலைக் குடியிருப்புகளில் அப்பழமொழியின் இன்றைய வடிவத்தைக் காண விரும்புவோர், பராமரிப்பின்றித் துருப்பிடித்துக் கிடக்கும் மின்வேலிகளைப் பார்க்கலாம். அவை இருக்கின்றன என்ற எண்ணத்தில் மக்கள் காவலைத் தளர்த்துகின்றனர். வேலியோ உயிரற்றுக் கிடக்கிறது.

வேலியின் தொழில்நுட்பத்தையும் ஓரளவு அறிந்தாலன்றி இவ்விவாதம் முழுமை பெறாது. முறையான சூரிய மின்வேலியில் மின்சாரம் தொடர்ந்து பாய்வதில்லை. மின்கலத்திலிருந்து பெறும் ஆற்றலைக் கருவியொன்று மிகக் குறுகிய துடிப்புகளாக மாற்றி, ஏறத்தாழ நொடிக்கு ஒன்றாகக் கம்பியில் செலுத்துகிறது. தொடும் விலங்கு அதிர்ந்து விலகுமேயன்றி இறப்பதில்லை. இவ்வேலிக்கு அன்றாடக் கவனிப்பு வேண்டும். புல்லும் கொடியும் கம்பியில் பட்டால் மின்னோட்டம் மண்ணுக்குள் இறங்கி வலுவிழக்கும். மழை மிகுந்த இடுக்கியில் சில வாரங்களில் புதர் கம்பியளவுக்கு வளர்ந்துவிடும். யானையும் சும்மா இருப்பதில்லை. தந்தத்தில் அதிர்ச்சி தாக்காது என்பதைக் கற்றுக்கொண்ட ஆண் யானைகள் தந்தத்தால் கம்பியை அறுக்கின்றன. சில, மரத்தை முறித்து வேலிமேல் சாய்க்கின்றன. மேலிருந்து கம்பிகளைத் தொங்கவிடும் தொங்குவேலி இதற்கு மாற்றாக வந்தது. அதற்கும் பராமரிப்பு வேண்டும். அகழி வெட்டினால் சரிவான மலையில் ஒரே பருவமழையில் மண் சரிந்து தூர்ந்துபோகும்.

அரசு வேலி செயலிழக்கும் இடத்தில் தனியார் வேலி தோன்றுகிறது. அதன் கொடிய வடிவம், மின்வாரியக் கம்பியிலிருந்து நேரடியாக இழுக்கப்படும் மின்சாரம். அது எவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 2022 மே மாதத்தில் பாலக்காடு முட்டிக்குளங்கரையில், காட்டுப்பன்றிக்காகச் சட்டத்துக்குப் புறம்பாக வைக்கப்பட்ட மின்பொறியில் சிக்கி, அங்குள்ள ஆயுதப்படை முகாமைச் சேர்ந்த காவலர் இருவர் உயிரிழந்தனர். 2023 மார்ச் மாதத்தில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் இவ்வாறே மாண்டன. இரு குட்டிகள் தாயின்றித் தவித்த காட்சி பலரை உலுக்கியது. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. அனுமதி என்னும் நடைமுறை வெறும் சிவப்பு நாடாவாகத் தோன்றலாம். வேலி விஷயத்தில் அது உயிர்காக்கும் ஏற்பாடு.

வேலியை எங்கே அமைப்பது என்பதற்கு இலங்கை ஒரு பாடம். யானையால் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும், மனிதரால் முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் அண்மைக் காலத்தில் அங்கு இறந்துவருகின்றனர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மின்வேலி அமைத்தும் பலன் குறைவு. காரணத்தை அங்குள்ள ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் தெளிவாக எடுத்துரைத்துள்ளனர். வேலிகள் துறைகளின் நிர்வாக எல்லைக் கோட்டில் போடப்பட்டன. வனவிலங்குத் துறையின் நிலம் ஒருபுறம், வனத்துறையின் நிலம் மறுபுறம். இருபுறமும் காடு, இருபுறமும் யானை. அதிகாரியின் வரைபடத்தில் உள்ள கோடு யானைக்குத் தெரிவதில்லை. மாற்றாக, ஊரைச் சுற்றி நிலையான வேலியும், வயலைச் சுற்றிப் பயிர்க்காலத்தில் மட்டும் நிறுத்தி அறுவடைக்குப் பின் கழற்றிவிடும் வேலியும் சோதிக்கப்பட்டன. பராமரிப்பு ஊர்ச்சங்கத்தின் பொறுப்பு. செலவில் மக்களுக்கும் பங்குண்டு. வேலி தம்முடையது என்று கருதியவர்கள் அதனைச் சுற்றிப் புல் வெட்டினர். காட்டை வேலிக்குள் அடைக்கும் முயற்சி கைவிடப்பட்டு, ஊர் தன்னைத்தானே வேலிக்குள் காத்துக்கொள்ளும் முறை அங்கே பயனளித்தது.

வேலியே இல்லாமலும் உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு, பறம்பிக்குளத்தை அடுத்துள்ள வால்பாறை சான்று. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அப்பீடபூமி முழுவதும் தேயிலைத் தோட்டங்களும் இடையிடையே காட்டுத் துண்டுகளுமாக உள்ளது. அங்கு யானையைத் தடுப்பது இயலாத காரியம். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், யானை நிற்கும் இடத்தை மாலையிலேயே மக்களுக்குத் தெரிவிக்கும் முறையை வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து உருவாக்கினர். உள்ளூர்த் தொலைக்காட்சியில் தமிழில் ஓடும் வரி, கைப்பேசிக் குறுஞ்செய்தி, எழுத்தறியாதோருக்குக் குரல் அழைப்பு, சாலையோரத்தில் எரியும் சிவப்பு விளக்கு. இறப்புகள் கணிசமாகக் குறைந்தன. இருட்டில் யானை நிற்பது தெரியாமல் எதிர்ப்பட்டதாலேயே பலர் இறந்தனர் என்பதைக் கண்டறிந்து, தகவலையே காப்பாக அமைத்ததில் இத்திட்டத்தின் வெற்றி இருக்கிறது. அத்தகவல் தொழிலாளர்களின் மொழியில் போய்ச் சேர்ந்ததும் முக்கியமானது.

மொழி என்ற கூற்றை உள்ளாட்சி விவாதங்கள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ளும் உரிமையை அளிக்கிறது. சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். நடைமுறையில் இவ்வுரிமை எவ்வளவு செல்லும் என்பதை மலையில் வாழும் தமிழர் அறிவர். முதுவர் மொழிக்கும் மன்னான் மொழிக்கும் ஏட்டளவில்கூட அத்தகைய இடமில்லை. யானை வழியைப் பற்றிய நுண்ணறிவு ஒரு மொழியிலும், வேலிக்கான திட்ட அறிக்கை வேறொரு மொழியிலும் இருக்கையில், அறிவு அறிக்கைக்குள் நுழைய மொழிபெயர்ப்பு ஒன்றே வாயில். அவ்வாயிலைத் திறக்கும் பொறுப்பு இன்று எந்த அலுவலருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

2024 ஜூன் மாதத்தில், அமைச்சர் பதவியிலிருந்து விலகும் தறுவாயில் கே. ராதாகிருஷ்ணன் பிறப்பித்த ஆணை இங்கு நினைவுகூரத்தக்கது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வாழும் இடங்களைக் குறிக்கும் 'காலனி', 'சங்கேதம்', 'ஊரு' ஆகிய சொற்களை நீக்கி, 'நகர்', 'உன்னதி', 'பிரகிருதி' போன்றவற்றையோ மக்கள் விரும்பும் பெயரையோ வழங்கலாம் என்றது அவ்வாணை. காலனி என்ற சொல் ஏறிய இழிவைக் களைய முனைந்த அந்நோக்கம் பாராட்டுக்குரியது. ஆயினும் காலனியோடு சேர்த்து, பழங்குடியினர் தம் வாழிடத்தைத் தாமே அழைத்த சொல்லாகிய 'ஊரு'வும் நீக்கப்பட்டது. திணிக்கப்பட்ட பெயரையும் சொந்தப் பெயரையும் ஒரே ஆணை ஒன்றுபோல் பார்த்தது. 301 என்ற எண்ணின் பின்னால் எச்சொல்லை ஒட்டினாலும் கூரைமேல் உறங்குவோரின் இரவு மாறப்போவதில்லை. ஊருக்குப் பெயரிடும் உரிமையும் ஊரின் எல்லையை வரையும் உரிமையும் ஒன்றாகக் கைக்கு வந்தாலன்றிப் பெயர்மாற்றம் பலகைமாற்றமாகவே நின்றுவிடும்.

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். யானையின் நிலம் யானைக்கே. மக்களை அங்கிருந்து அகற்றிவிட்டால் வேலியே வேண்டாம் என்பது முதலாவது. சூழலியல் நோக்கில் இதில் உண்மை உண்டு. எனினும் அதே நிலப்பரப்பில் அணை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, விடுதிகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, கடைசியாக வந்த நிலமற்றவரை மட்டும் ஆக்கிரமிப்பாளர் போலப் பேசுவது நீதியன்று. அரசு கையெழுத்திட்டுக் கொடுத்த பட்டயத்தோடு வந்தவர்கள் அவர்கள். வெளியேற விரும்பும் குடும்பத்துக்கு அதே அளவு நிலத்தை வேறிடத்தில் தருவது அரசின் கடமை. அங்கேயே வாழ விரும்பும் குடும்பத்துக்குக் காப்புத் தருவதும் அதே அளவு கடமை. தேர்வு அக்குடும்பத்துடையது.

வேலி அறிவியல் சார்ந்தது. ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி முடிவெடுக்கும் விஷயமன்று என்பது இரண்டாவது மறுப்பு. வல்லுநர் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 2003-இல் வல்லுநரின் எச்சரிக்கை இருந்தும் அது கேட்கப்படவில்லை என்பதை மறக்கலாகாது. மூடிய அறையில் ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்கு எழுதிய எச்சரிக்கையைப் புறக்கணிப்பது எளிது. அதே எச்சரிக்கை, குடியேறவிருக்கும் குடும்பங்களின் முன்னிலையில் அவர்கள் மொழியில் வாசிக்கப்பட்டிருந்தால் முடிவு வேறாகியிருக்கக்கூடும். மக்கள் மன்றம் அறிவியலுக்குப் பகையாக வேண்டியதில்லை. அறிவியல் சொன்னது ஒளிக்கப்படாமல் காக்கும் இடமாக அது அமையலாம்.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. கேரளத்தில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவுமில்லை. ஆகவே 1996-இல் பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைக்கு நிலம், மறுகுடியமர்வு ஆகியவற்றில் கலந்தாலோசனை உரிமை தந்த ஊராட்சி விரிவாக்கச் சட்டம் அங்கே செல்லாது. ஊர்க்கூட்டங்கள் கூடுகின்றன, 2006-இன் வன உரிமைச் சட்டம் அவற்றுக்கு ஓரளவு வலுவைத் தந்தது. ஆயினும் புதிய குடியிருப்பின் வரைபடத்துக்கு ஊர்க்கூட்டத்தின் ஒப்புதல் கட்டாயம் என்ற நிலை இல்லை. 2010-இல் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரித்து, முதுவர்களுக்கென இடமலக்குடி என்ற முதல் பழங்குடி ஊராட்சியை அமைத்த மாநிலம் கேரளம். அத்துணிவை இந்த இடைவெளியை நிரப்புவதிலும் காட்ட இயலும்.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. காட்டை ஒட்டிய எந்தத் திட்டமிட்ட குடியிருப்புக்கும், மனை அளக்கும் முன்பே விலங்கு வழிகளையும் நீர்நிலைகளையும் உள்ளூர் இடப்பெயர்களையும் காட்டும் வரைபடம் ஊர்க்கூட்டத்தின் முன் வைக்கப்பட வேண்டும். ஆனையிறங்கல், ஆனக்குளம் போன்ற பெயர்கள் அவ்வரைபடத்தில் அலங்காரமாக இல்லாமல் சான்றாக இடம்பெற வேண்டும். வேலியின் கோட்டை ஊராட்சி அங்கீகரிக்கையில் அண்டை ஊராட்சியின் கருத்தும் பெறப்பட வேண்டும். வேலி அமைக்கும் செலவோடு, புதர் வெட்டி மின்கலம் பார்க்கும் உள்ளூர்க் காவலரின் ஊதியமும் ஆண்டுத் திட்டத்தில் தனித் தலைப்பாக இருக்க வேண்டும். இவை அனைத்தும் குடியிருப்போரின் மொழியில் பேசப்பட்டு, அவர்கள் சொன்னது எழுத்தில் பதிவாக வேண்டும். மாநில எல்லையை யானை பொருட்படுத்தாததால், இடுக்கி–தேனி, பாலக்காடு–கோவை மாவட்ட நிர்வாகங்கள் வேலித் திட்டங்களைப் பகிர்ந்துகொள்வதும் தேவை.

கேரளம் 2024 மார்ச் மாதத்தில் மனித–விலங்கு மோதலை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நிவாரணத்துக்கு அது வழிதிறந்தது. ஆயினும் பேரிடர் என்ற சொல், நிலச்சரிவைப் போல, வெள்ளத்தைப் போல, எவரும் கொண்டுவராமல் தானே வந்தது என்ற பொருளையும் சுமந்துவருகிறது. 301 காலனிக்கு நேர்ந்தது அவ்வாறு வந்ததன்று. தேதியிட்ட கோப்பும் கையெழுத்தும் அதற்கு உண்டு. நிலமற்றோர்க்கு நிலம் தரும் அடுத்த பட்டியல் எங்கோ ஒரு மேசையில் இப்போதும் தயாராகிக்கொண்டிருக்கும். அதில் குடும்பங்களின் எண்ணிக்கைக்கு அருகே, ஒதுக்கப்படும் இடத்தின் பழைய பெயரையும் எழுதி, அதன் பொருளை அங்கே வாழப்போகிறவர்களிடம் கேட்ட பின்னரே அளவுச் சங்கிலி மலையேற வேண்டும்.